சும்மா நடந்தா என்ன?

எங்க அம்மாவுக்கு இப்ப 64 வயசு. விடிகாலை நாலரை மணிக்கு மாட்டுக் கொட்டகையில் ஆரம்பிக்கிற நடை, பொழுது சாய்ந்து மடையை அடைத்துவிட்டு வீடு திரும்பும்வரை நிற்காது. போன தை மாசம் என் பையன் விளையாட்டாக அவர் மடியில் தன் கைப்பேசியைச் செருகிவிட்டான். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் 14 கிலோமீட்டர் என்று காட்டியது. அன்றைக்கு ஒன்றும் பெரிய வேலை நாளில்லை. கடலைக்குக் களையெடுப்பும், மாட்டுக்குத் தட்டு அறுப்பும்தான்.

“இத்தனை வருசமா நடக்கறயே, எப்பவாவது சும்மா, உனக்குன்னு ஒரு நடை நடந்திருக்கியாம்மா?” என்று கேட்டேன்.

“சும்மா எதுக்குக் கண்ணு நடக்கோணும்? கால் வலிக்கறதுக்கா?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் கொஞ்ச நாளைக்கு முன்னால் படித்த ஒரு உழவர் வீட்டு அம்மாவின் கதை நினைவுக்கு வந்தது. அன்று ராத்திரி வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டே அதைச் சொன்னேன். அம்மா நடுநடுவே கேட்ட கேள்விகளோடு அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன்.

புகையிலைக் காட்டில் ஒரு வாழ்க்கை

அவர் பெயர் எம்மா கேட்வுட். (“பேரே எம்மாவா?” என்று அம்மா சிரித்தார்.) அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், மேடும் பள்ளமுமான ஒரு கிராமப் பகுதியில் 1887 அக்டோபர் 25 அன்று பிறந்தவர். வீட்டில் பிள்ளைகள் 15 பேர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. 19 வயதில் கல்யாணம். கணவர் பள்ளி ஆசிரியராக இருந்து புகையிலை வெள்ளாமைக்கு வந்தவர். 11 பிள்ளைகள் பிறந்தன. சமையல், தையல், பிள்ளை வளர்ப்பு எல்லாம் போக, புகையிலை நாற்றங்கால் வேலையும், வேலி போடுவதும், சிமெண்ட் கலவை போடுவதும்கூட எம்மாவின் தலையில்தான்.

இதோடு அடியும் இருந்தது. கல்யாணம் ஆன கொஞ்ச காலத்திலேயே ஆரம்பித்த அடி, முப்பது வருடத்துக்கு மேல் நின்றபாடில்லை. பல் உடைந்தது, விலா எலும்பு விரிசல் கண்டது. தாங்க முடியாத நேரங்களில் எம்மா வீட்டை விட்டு ஓடிப்போய் நிற்கிற இடம் பக்கத்துக் காடு. அங்கேதான் அவருக்கு மூச்சு வரும். கடைசியில் 1941-ல் மணவிலக்கு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 53.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மொச்சைத் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, “அப்புறம்?” என்றார்.

அப்புறம் மிச்சமிருந்த பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். எல்லோரும் அவரவர் குடும்பம் என்று போனார்கள். அந்தச் சமயத்தில்தான் ‘நேஷனல் ஜியாகிரபிக்’ இதழின் பழைய பிரதி ஒன்று எம்மாவின் கையில் கிடைத்தது. 1949-ல் வந்த இதழ். அதில் ‘அப்பலாச்சியன் டிரெயில்’ என்ற மலைப்பாதையைப் பற்றிப் படங்களோடு ஒரு கட்டுரை. பாதை நல்ல பாதை, சாதாரண உடல்நலம் உள்ள யாரும் நடக்கலாம் என்கிற தோரணையில் எழுதியிருந்தார்கள். எம்மா அதை நம்பினார். நாமும் நடந்து பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

அந்தப் பாதை

அமெரிக்காவின் கிழக்கே, தெற்கு வடக்காக நீளுகிறது அப்பலாச்சியன் மலைத்தொடர். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை மாதிரியே மிகப் பழைய மலை. அதன் முதுகின் மேலேயே ஓர் ஒற்றையடிப் பாதை போட வேண்டும் என்று 1921-ல் பென்டன் மெக்காய் என்ற வனத்துறை அறிஞர் ஒரு திட்டம் எழுதினார். தொழிற்சாலை ஊர்களில் அடைந்து கிடப்பவர்கள் மலைக்கு வந்து நடக்க வேண்டும், பாதை ஓரத்தில் முகாம்கள் வேண்டும், அங்கே சாப்பாட்டுக்கு வேண்டியதை விளைவிக்கப் பண்ணைகளும் வேண்டும் என்பது அவருடைய கனவு. பண்ணைகள் வரவில்லை. பாதை வந்தது. தன்னார்வலர்களின் உழைப்பில் 1937-ல் அது முழுமையடைந்தது.

உழவர்களாகிய நாம் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பாதை போகிற காடெல்லாம் எப்போதும் காடாகவே இருந்ததல்ல. வர்ஜீனியா மாநிலத்தில் ஷெனான்டோவா தேசியப் பூங்காவை அமைக்க 1930-களில் நூற்றுக்கணக்கான மலை உழவர் குடும்பங்களை வீடு, காடு, கழனியோடு காலி செய்ய வைத்தார்கள். நடந்து போகிறவர்களின் கண்ணில் இன்றைக்கும் பழைய கல் வேலிகளும் புதர் மூடிய வீட்டு அடித்தளங்களும் படும். அழகான நடைபாதைக்குக் கீழேயும் யாரோ ஒருத்தருடைய பட்டா இருந்திருக்கிறது.

1948-ல் ஏர்ல் ஷாஃபர் என்ற முன்னாள் படைவீரர் இந்தப் பாதையை ஒரே மூச்சாக நடந்து முடித்தார். போரில் பட்ட காயத்தை மனசிலிருந்து இறக்கிவைக்கத்தான் அவர் நடந்தார். தனியாக ஒரு பெண் ஒரே பருவத்தில் முழுப் பாதையையும் நடந்ததாக அதுவரை பதிவில்லை.

முதல் முயற்சி தோல்வி

1954 ஜூலையில், 66 வயதில், எம்மா பாதையின் வடமுனையான மெய்ன் மாநிலத்துக்குப் போய் நடக்கத் தொடங்கினார். சில நாளிலேயே வழி தவறினார். மூக்குக் கண்ணாடி உடைந்தது. கையிலிருந்த சாப்பாடும் தீர்ந்தது. ஒருவழியாக வன ஊழியர்கள் இருக்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தார். ‘வீட்டுக்குப் போங்கம்மா’ என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தார். நடந்ததை யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. வெள்ளாமை ஒரு போகம் போய்விட்டால் நாம் என்ன செய்வோம்? ஏன் போச்சு என்று பார்த்துவிட்டு அடுத்த பட்டத்துக்கு விதை எடுத்து வைப்போம். எம்மாவும் அதைத்தான் செய்தார். வடக்கு முனைதான் இருப்பதிலேயே கரடுமுரடான, ஆள் நடமாட்டமில்லாத பகுதி. அதனால் அடுத்த வருடம் தென்முனையிலிருந்து ஆரம்பித்தார்.

1955 மே 3. ஜார்ஜியா மாநிலத்தின் ஓகில்தோர்ப் மலை. வயது 67. பேரப்பிள்ளைகள் 23 பேர். பிள்ளைகளிடம் ‘கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன்’ என்கிற அளவுக்குத்தான் சொல்லியிருந்தார். எவ்வளவு தூரம் என்று சொல்லவில்லை.

எட்டுக் கிலோ மூட்டை

“மூட்டை முடிச்செல்லாம் யாரு தூக்குனா?” இது அம்மாவின் கேள்வி.

எம்மாவேதான் தூக்கினார். தடித்த துணியில் தன் கையாலேயே தைத்த ஒரு பை. அதை ஒரு தோளில் போட்டுக்கொள்வார். எல்லாம் சேர்த்து எட்டுக் கிலோ சுமார். உள்ளே ஒரு கம்பளி, ஒரு மழைக் கோட்டு, குளியலறைக்குத் திரையாகப் போடுகிற பிளாஸ்டிக் தாள் ஒன்று. அதுதான் மழைக்குக் கூரை, தரைக்கு விரிப்பு. மாற்றுத் துணி கொஞ்சம், ஒரு கத்தி, ஒரு டார்ச், காயத்துக்கு மருந்து, எழுத ஒரு சின்ன நோட்டு. கூடாரம் கிடையாது, மலையேறுகிற பூட்ஸ் கிடையாது. காலில் சாதாரணக் கேன்வாஸ் காலணி. அது தேயத் தேய மாற்றிக்கொண்டே போனார்.

இன்றைக்கு நெடுநடைக்குப் போகிறேன் என்று ஒரு கடைக்குள் நுழைந்து பாருங்கள். பையே பல ஆயிரம் ஆகும். காலணிக்குத் தனி, கைக்கோலுக்குத் தனி, அதைப் போட்டு வைக்க இன்னொரு பை. பூச்சி மருந்துக் கடையில் ஒரு இலையைக் காட்டினால் நாலு பாட்டில் எடுத்து வைப்பார்களே, அது மாதிரிதான். நெடுநடையில் பழகினவர்கள் இப்போது ‘சுமை குறை, தூரம் கூடும்’ என்கிறார்கள். எம்மாவை அதற்கு முன்னோடி என்றும் சொல்கிறார்கள். அவர் எந்தக் கொள்கையும் பேசவில்லை. கையில் இருந்ததைக் கொண்டு ஆரம்பித்தார், அவ்வளவுதான்.

அதற்காக எல்லாவற்றையும் அப்படியே காப்பியடிக்க வேண்டாம். குளிரில் அவர் ரொம்பவே கஷ்டப்பட்டார். சில இரவுகளில் தட்டையான கற்களை நெருப்பில் சுட்டு, அவற்றின் மேல் படுத்துச் சூடேற்றிக்கொண்டார். வழி தவறியதும் உண்டு. செலவைக் குறைப்பது வேறு, தேவையையே விட்டுவிடுவது வேறு. இயற்கை வெள்ளாமைக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

சோறு எப்படி?

“அது சரி, நாலு மாசம் அஞ்சு மாசம் சோத்துக்கு என்ன பண்ணுச்சு அந்தம்மா?”

உலர்ந்த திராட்சை, கடலை, பருப்பு வகைகள், பால் பவுடர், வெந்நீரில் கரைத்துக் குடிக்கிற சூப்புக் கட்டி, டப்பாவில் அடைத்த இறைச்சி. பாதை ஊருக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் கீழே இறங்கி வாங்கிக்கொள்வார். மிச்சத்தைக் காடு கொடுத்தது. பெர்ரிப் பழங்களைப் பறித்துத் தின்பார், புளிப்புக் கீரைகளைக் கிள்ளி மெல்லுவார். எது உணவு, எது மருந்து, எது விஷம் என்பது அவருக்குத் தெரியும். பதினோரு பிள்ளைகளை வளர்த்த கிராமத்துத் தாய்க்குப் பச்சிலை தெரியாமல் இருக்குமா?

இதைச் சொன்னபோது அம்மா சட்டென்று, “நம்ம வரப்புல நடந்தாலே பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, தொய்யக்கீரை, மணத்தக்காளின்னு ஒரு வேளைக் கறிக்கு ஆச்சே” என்றார். களைக்கொல்லி அடிக்காத வரப்பாக இருந்தால், என்பதை நான் சேர்த்துக்கொண்டேன்.

மனிதர்களும் வெள்ளமும்

ஒரு நாளைக்குச் சராசரியாக 22, 23 கிலோமீட்டர். ராத்திரி எங்கே தங்குவது? பாதை ஓரத்து ஓலைக்குடில் போன்ற கொட்டகைகள், சருகுப் படுக்கை, பூங்காவில் இருக்கிற மேசைக்கு அடியில் என்று கிடைத்த இடத்தில் படுத்தார். பண்ணை வீடுகளின் கதவையும் தட்டுவார். சிலர் முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினார்கள். பலர் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டார்கள்.

வர்ஜீனியாவைத் தாண்டும்போது ஒரு உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. அதிலிருந்து நாடு முழுக்க ‘பாட்டி கேட்வுட்’ என்று பேராகிவிட்டது. நிருபர்கள் தேடி வந்தார்கள். ஏன் நடக்கிறீர்கள் என்று கேட்பார்கள். ஆளுக்கு ஒரு பதில் சொல்வார். குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் தன்னைக் கைம்பெண் என்று சொல்லிக்கொண்டார். கணவர் அப்போது உயிரோடுதான் இருந்தார். அந்த முப்பது வருடக் கதையை எந்த நிருபருக்கும் அவர் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் மாதம் கோனி, டயான் என்று இரண்டு புயல்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி வெள்ளக்காடானது. டயான் புயலில் மட்டும் ஏறத்தாழ 200 பேர் இறந்தார்கள். எம்மா அந்த மழையிலும் நடந்தார். முழங்கால் அளவு ஓடுகிற ஓடைகள் ஆளை இழுக்கிற ஆறுகளாகிவிட்டன. வெர்மான்ட் மாநிலத்தில் அப்படி ஒரு காட்டாற்றை, கடற்படையைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் கைகொடுக்கத்தான் அவரால் கடக்க முடிந்தது. தனியாக நடந்தார் என்று நாம் சொல்கிறோம். எத்தனை கை அவரைத் தாங்கிவிட்டது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

1955 செப்டம்பர் 25 அன்று, போன வருடம் தோற்றுத் திரும்பிய அதே மெய்ன் மாநிலத்தில், கட்டாடின் மலை உச்சியில் நின்றார். 146 நாள். 2,050 மைல், அதாவது சுமார் 3,300 கிலோமீட்டர். உச்சியில் இருந்த பதிவேட்டில் பேரை எழுதிவிட்டு, தன் நாட்டுப் பாட்டு ஒன்றைத் தனியாகப் பாடினார்.

குறை சொன்னதால் சரியான பாதை

எம்மா வந்து சொன்னது வெறும் பெருமைக் கதையல்ல. பத்திரிகையில் படித்ததற்கும் நேரில் பார்த்ததற்கும் சம்பந்தமே இல்லை என்று போட்டு உடைத்தார். பாதையில் மரங்கள் விழுந்து கிடக்கின்றன, வழிக்குறிகள் அழிந்துவிட்டன, கொட்டகைகள் பாழாகிக் கிடக்கின்றன என்று பேட்டி கொடுத்தார். இவ்வளவு மோசம் என்று தெரிந்திருந்தால் புறப்பட்டே இருக்க மாட்டேன், ஆனால் புறப்பட்ட பிறகு விட மனசில்லை என்கிற மாதிரி பேசினார். அவருடைய நடை அந்தப் பாதையின் மேல் மக்களின் கவனத்தைத் திருப்பியது. 1968-ல் தேசிய நடைபாதைகள் சட்டம் வந்து பாதைக்குப் பாதுகாப்பு கிடைத்தது. இன்றைக்கு 14 மாநிலங்கள் வழியாக ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் போகிற அதை, தன்னார்வலர்கள்தான் அரிவாளும் ரம்பமும் கொண்டு வெட்டிச் சீர் செய்து காப்பாற்றுகிறார்கள்.

எம்மாவும் நிற்கவில்லை. 1957-ல் 69 வயதில் முழுப் பாதையையும் மறுபடி நடந்தார். 1959-ல், அந்தக் காலத்தில் குடியேறிகள் மாட்டு வண்டி கட்டிப் போன ஓரிகன் தடத்தில் சுமார் 2,000 மைல் நடந்தார். 1964-ல் அப்பலாச்சியன் பாதையைப் பகுதி பகுதியாக மூன்றாவது முறையும் முடித்தார். அதை மூன்று முறை முடித்த முதல் ஆள் அவர்தான். சொந்த மாநிலத்தில் ‘பக்கை டிரெயில்’ என்ற நடைபாதையை உருவாக்கியவர்களிலும் ஒருவர். 1973-ல் தன் 85-ஆம் வயதில் காலமானார்.

இது நமக்கு எதற்கு?

வயசான காலத்திலும் உடம்பு எப்படி ஒத்துழைத்தது என்று எல்லோரும் ஆச்சரியப்படுகிறார்கள். எனக்கு அதில் பெரிய ஆச்சரியமில்லை. ஐம்பது வருடம் காட்டு வேலை செய்த கால் அது. அந்தத் தெம்பு நம்ம வீட்டுப் பெண்கள் எல்லோரிடமும் இருக்கிறது. எனக்கு ஆச்சரியம் வேறு. அந்த ஐம்பது வருடத்திலும் அவர் தினம் நடந்திருப்பார். கிணற்றுக்கு, காட்டுக்கு, மாட்டுக்கு, பிள்ளைக்கு. ஒரு அடிகூட அவருக்கானதில்லை. 66 வயதில்தான் முதல்முறையாகத் தனக்கென்று நடந்தார். யாரும் அனுப்பவில்லை, யாருக்கும் எதுவும் கொண்டு போகவில்லை, எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்கவும் ஆளில்லை.

நம்ம சங்கக் கூட்டங்களில் மண்ணுக்கு ஓய்வு வேண்டும், மாட்டுக்கு ஓய்வு வேண்டும் என்று பேசுகிறோம். வீட்டுப் பெண்களுக்கு அவர்கள் விருப்பப்படி ஒரு நாள் வேண்டும் என்று எத்தனை பேர் பேசியிருக்கிறோம்?

நடக்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

காட்டு வேலை செய்கிறவர்களுக்கு மூச்சும் தெம்பும் பிரச்சினையில்லை. பிரச்சினை பாதத்தில்தான் வரும். வரப்பில் விட்டுவிட்டு நடப்பது வேறு, ஒரே வேகத்தில் நாள் முழுக்க நடப்பது வேறு.

முதல் வாரம் ஐந்தாறு கிலோமீட்டரில் ஆரம்பியுங்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் நீள நடை வைத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தொடர்ந்து பல நாள் நடந்தால் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு கட்டாயம்.

நடக்க நடக்கப் பாதம் வீங்கும். அதனால் செருப்போ காலணியோ விரல் நுனியில் கொஞ்சம் இடம் விட்டு வாங்குங்கள். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு நெடுநடைக்குப் போகாதீர்கள். எங்கேயாவது சூடாக உரசுகிற மாதிரி இருந்தால் உடனே நின்று, அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டுங்கள். கொப்புளம் வந்த பிறகு வைத்தியம் பார்ப்பதைவிட இது சுலபம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு ஆரம்பித்து, தினமும் சாயங்காலம் உள்ளங்காலைப் பார்த்துவிட வேண்டும்.

வெயிலுக்கு முன் நடங்கள். பத்து மணிக்கு நிழலில் உட்கார்ந்து, நாலு மணிக்கு மேல் மறுபடி கிளம்பலாம். நீராகாரம், உப்புப் போட்ட மோர், கடலை உருண்டை, அவல் போதும். தார்ச்சாலையில் நடக்க வேண்டி வந்தால் வலது ஓரமாக, எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நடங்கள். எந்த வழியில் போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

எங்கே நடப்பது? அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. உங்க ஏரிக்குத் தண்ணீர் எந்த ஓடையில் வருகிறது, அந்த ஓடைக்கு எந்த ஏரியிலிருந்து வருகிறது என்று கரையோடு மேலே மேலே நடந்து பாருங்கள். எங்கே ஆக்கிரமிப்பு, எங்கே சாயக் கழிவு, எங்கே இன்னும் பனை நிற்கிறது என்று எல்லாம் தெரியும். பாதையின் குறையை நடந்து பார்த்தவர் சொன்னால்தான் எடுபடும் என்பதை எம்மா காட்டியிருக்கிறார்.

அம்மா கேட்ட கடைசிக் கேள்வி

கதை முடிந்தபோது மொச்சையும் முடிந்திருந்தது. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: “அந்தம்மா போனப்ப மாட்டை யாரு பாத்துக்கிட்டாங்க?”

எம்மாவுக்கு அப்போது மாடு இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அம்மா கேட்டது எம்மாவைப் பற்றி அல்ல.

எங்க காட்டுக்குக் கீழ்பவானி வாய்க்கால் தண்ணீர்தான். அணையிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடுகிற வாய்க்கால். அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தண்ணீரை மடை திருப்புகிறார். பவானிசாகர் அணையை ஒரே ஒரு தடவை, ஒரு கல்யாணத்துக்குப் போகிறபோது பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி.

“வாய்க்கால் கரையோட மேல போனா அணை வந்துரும் இல்ல?” என்றார்.

வந்துவிடும். பக்கத்துத் தோட்டத்து அக்காவும் கூட வருகிறேன் என்றிருக்கிறார். நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், ராத்திரிக்குச் சொந்தக்காரர் வீடுகள் என்று பேச்சு ஓடுகிறது. அடுத்த தண்ணீர் திறக்கும் முன்னால் கிளம்புவதாக உத்தேசம். நான் இப்போது தினமும் காலையில் நாலரைக்கு எழுந்து பால் கறக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். செவலை இன்னும் என்னை உதைக்கிறது.